சிங்கப்பூரிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தாயிற்று; மைல் கணக்கை எங்கே வைத்துக்கொள்வது?

தேக்காக்காரி எழுதியது:

வணக்கம். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். கணவர் பெங்களூர்த் தமிழர். மாமனார், மாமியாருக்கு வயதாகிவிட்டது என்று இந்த ஆண்டு அல்சூருக்குக் குடிவந்துவிட்டோம். அவருக்கு இது ஊர் திரும்பியது, எனக்கோ வெளிநாடு. காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர்களில் பலர் தமிழிலேயே விலை சொல்கிறார்கள் என்பதால் அன்றாட வாழ்க்கையில் பெரிய சிரமமில்லை. சிரமம் வேறோர் இடத்தில்.

இத்தனை காலமும் எதில் பறந்தாலும், பறப்பதற்கு மைல் சேர்த்துத் தரும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்து எண்ணைத்தான் கொடுத்துவந்தேன். சிங்கப்பூரில் இருப்பவர்கள் வேறு எதைக் கொடுப்பார்கள்? வேலைக்காக ஓடிய ஓட்டத்தில், அடிக்கடி பறப்பவர்களுக்குச் சலுகைகளோடு தரும் எலீட் கோல்டு தகுதியும் கைக்கு வந்தது. இப்போது வீட்டிலும் அலுவலகத்திலும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "இந்தியாவில் இருந்துகொண்டு சிங்கப்பூர் மைல் எதற்கு? ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பில் சேர்ந்துகொள்" என்கிறார் கணவர். கொழுந்தனார் இண்டிகோவைத் தவிர வேறு எதிலும் ஏறமாட்டார், ஆகவே அவருடைய கட்சி இண்டிகோவின் புளூசிப் திட்டம். என்னுடைய ஜெர்மானிய மேலாளர் லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் என்கிறார், அதுவும் வேறு வழியே உலகத்தில் இல்லை என்கிற தொனியில்.

என் பயணங்கள் இப்படித்தான் இருக்கும். அம்மா அங் மோ கியோவில் தனியாக இருக்கிறார். அவரைப் பார்க்க அடிக்கடி சிங்கப்பூர் போவேன், கைக்காசில். நிறுவனத்தின் தலைமையகம் மியூனிக்கில். அதற்கு அவர்களே லுஃப்தான்சாவில் எகானமி டிக்கெட் எடுத்துத் தருவார்கள். மகள் மெல்பர்னில் படிக்கிறாள். உள்நாட்டில் விமானம் ஏறுவது அபூர்வம். கணவரின் உறவினர்கள் எல்லாரும் சென்னை, வேலூர்ப் பக்கம். அதற்குச் சதாப்தியும் வந்தே பாரத்தும் போதும்.

கோல்டு அட்டையை விட மனம் வரவில்லை. லவுஞ்ச் எப்படியோ போகட்டும், கூடுதல் எடை அனுமதி எனக்குக் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு முறையும் அம்மா காயா பாட்டில், மைலோ டின், மீன்தலைக் கறி மசாலா என்று பெட்டியை நிரப்பி, மேலே ஒரு பழைய கைலியை மடித்து வைத்து, அதன் மேல் முழங்காலை ஊன்றி மூடுவார். "மைலோ பெங்களூரிலும் கிடைக்கிறது அம்மா" என்றால், "அது வேறு மைலோ" என்பார்.

எந்தத் திட்டத்தில் சேர்ந்தால் கோல்டு தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்?

ஒயிட்ஃபீல்டு வாசகன் எழுதியது:

அக்கா, என் யோசனை: எந்த விமான நிறுவனத்திடமும் சேர்க்காதீர்கள், வங்கியிடம் சேருங்கள். எச்டிஎஃப்சி, ஆக்ஸிஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகியவற்றின் சில கடன் அட்டைகளில் சேரும் புள்ளிகளைக் கிரிஸ்ஃப்ளையர் உட்படப் பல திட்டங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். எதற்கு மாற்றுவது என்பதை டிக்கெட் எடுக்கும் நாளில் முடிவு செய்தால் போதும்.

ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சிங்கப்பூரில் நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கடன் கட்டியிருந்தாலும் இங்கே கடன் வரலாற்றைக் குறித்துவைக்கும் சிபில் பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. சம்பளக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ அங்கே கேட்டுப்பாருங்கள். மறுத்தால், வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தருகிற அட்டையில் தொடங்கலாம். உயர்ந்த அட்டைகள் எடுத்த எடுப்பில் கிடைக்காது.

லவுஞ்சுக்குக் கோல்டு தேவையில்லை. தேவனஹள்ளி விமான நிலையத்தில் இரண்டாம் முனையத்தின் 080 லவுஞ்ச் வரிசையில் நின்றுபாருங்கள், பெரும்பாலானவர்கள் கையில் வைத்திருப்பது வங்கி அட்டைதான். முன்பு போலத் தாராளம் இல்லை என்பதும் உண்மை. காலாண்டுக்கு இவ்வளவு செலவழித்தால்தான் லவுஞ்ச் என்று பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன.

கொழுந்தனாரையும் ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். இண்டிகோ இங்கிருந்து சிங்கப்பூருக்கு நேராகவே போகிறது, பல நாட்களில் விலையும் குறைவு. அது எந்த விமான நிறுவனக் கூட்டணியிலும் இல்லாததால் புளூசிப் புள்ளியை வைத்து மெல்பர்ன் போக முடியாது, அவ்வளவுதான்.

பழைய டிக்கெட்காரன் எழுதியது:

அம்மா, இன்ஃபான்ட்ரி சாலையில் டிக்கெட் அலுவலகத்தில் காலம் கழித்தவன் நான். சிவப்புக் கார்பன் பூசிய தாள் டிக்கெட் இருந்த நாளிலேயே தொடங்கி, 2008இல் அது ஒழிந்த பிறகும் தொடர்ந்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு வழக்கைத் தீர்த்துவிடலாம். வீடு மாறினால் மைல் திட்டமும் மாற வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. கிரிஸ்ஃப்ளையருக்கு உங்கள் முகவரி அல்சூராக இருந்தாலும் அங் மோ கியோவாக இருந்தாலும் ஒன்றுதான். ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணி 1997 மே மாதம் ஐந்து நிறுவனங்களோடு தொடங்கியது. லுஃப்தான்சா அப்போதே இருந்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000இல் சேர்ந்தது, ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்தது. கணவர் சொல்வது, மேலாளர் சொல்வது, நீங்கள் வைத்திருப்பது மூன்றும் ஒரே கூட்டணிக்குள்தான் இருக்கின்றன. ஏர் இந்தியாவில் ஏறினாலும் உங்கள் கிரிஸ்ஃப்ளையர் எண்ணைக் கொடுக்கலாம். போர்டிங் பாஸில் நட்சத்திரக் குறியும் ஜி என்ற எழுத்தும் அச்சாகியிருந்தால், அந்தக் கோல்டு எந்தத் திட்டத்தில் வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கோல்டைக் காப்பாற்ற எந்தத் திட்டம் என்கிறீர்கள். எந்தத் திட்டத்தாலும் ஆகாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கிரிஸ்ஃப்ளையரில் எலீட் கோல்டுக்கு 12 மாதத்தில் 50,000 எலீட் மைல், அதாவது தகுதிக்கென்று தனியாக எண்ணப்படும் மைல், வேண்டும். பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் ஒரு வழிக்கு 2,000 மைலுக்குச் சற்றுக் குறைவு. மியூனிக் ஒரு வழிக்கு ஏறக்குறைய 4,400. சிங்கப்பூர் வழியாக மெல்பர்ன் போய்வந்தால் 11,000 மைலுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு நான்கு முறை அம்மாவைப் பார்க்கிறீர்கள், இரண்டு முறை மியூனிக், ஒரு முறை மெல்பர்ன் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினால் 45,000 பக்கத்தில் வந்து நிற்கும். அதுவும், பறந்த தூரம் முழுவதும் மைலாக வரவு வைக்கப்பட்டால்தான். மலிவு எகானமி டிக்கெட்டில் அப்படி வைக்கமாட்டார்கள்.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும்: ஒய், எம், வி, கே என்று. அதுதான் கட்டண வகுப்பு. அந்தக் காலத்தில் நாங்களே பேனாவை அழுத்தி அதை எழுதுவோம், நான்கு தாள்களிலும் பதிய வேண்டும் என்று. எல்லாரும் ஒரே எகானமி இருக்கையில் உட்கார்ந்து அதே உப்புமாவைச் சாப்பிட்டாலும், ஒருவருக்கு முழு மைல் கிடைக்கும், பக்கத்து இருக்கைக்காரருக்குப் பாதி கிடைக்கும், அதற்கும் கீழே சிலருக்கு ஒன்றுமே கிடைக்காது. கூட்டணியின் இன்னொரு நிறுவனத்தில் பறந்து மைலை இங்கே வாங்கும்போது இந்த வெட்டு இன்னும் கடுமை. உங்கள் நிறுவனம் எடுத்துத் தரும் லுஃப்தான்சா டிக்கெட் எந்த எழுத்து என்று பாருங்கள். கம்பெனிகள் விலையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆகவே பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மேலாளர் சொல்கிற மைல்ஸ் அண்ட் மோர்? 2024இல் கொண்டுவந்த முறைப்படி அங்கே தகுதிக்கு மைலே கிடையாது, தனிப் புள்ளி. ஸ்டார் கோல்டுக்கு, அதாவது கூட்டணி முழுவதும் செல்லும் கோல்டுக்கு, சமமான செனட்டர் ஆக 2,000 புள்ளிகள். அதற்குக் கீழ்ப்படிக்கே 650. ஆண்டுக்கு இரண்டு முறை எகானமியில் மியூனிக் போய்வருகிறவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. மேலாளர் அனேகமாக வணிக வகுப்பில் வருகிறவராக இருப்பார், அவருக்குச் சரி. மகாராஜா கிளப் 2024 ஏப்ரலிலிருந்து பறந்த தூரத்தை விட்டுவிட்டுக் கொடுத்த பணத்தைப் பார்த்துப் புள்ளி தருகிறது. தில்லி, மும்பை என்று மாதாமாதம் ஏர் இந்தியாவில் அலைகிறவருக்கு அது நல்ல திட்டம். ரயிலில் வேலூர் போகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

ஆக, கோல்டு இந்தச் சுற்றோடு முடிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். முடியும் வரை அனுபவியுங்கள். அதன் பிறகு அம்மாவின் மைலோ டின்னுக்குக் கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிவிடலாம். விமான நிலையக் கவுன்ட்டரில் கேட்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த அட்டைக்காக இரண்டு மடங்கு விலையில் டிக்கெட் எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கமிஷன் வந்தது, அவர்களுக்கு அட்டை வந்தது.

தகுதியை மறந்துவிட்டால் கேள்வி சுலபமாகிவிடுகிறது. சேரும் மைலை எங்கே செலவழிப்பீர்கள்? சிங்கப்பூருக்கும் மெல்பர்னுக்கும். அதற்குக் கிரிஸ்ஃப்ளையரைவிடப் பொருத்தமானது இல்லை. தன் விமானங்களில் மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017லிருந்து எரிபொருள் கட்டணம் வாங்குவதில்லை, வரி மட்டும்தான். நெடுந்தொலைவு வணிக வகுப்பில் மைலுக்கான இருக்கைகளைப் பிற திட்டத்தாருக்கு அது அநேகமாகத் திறப்பதே இல்லை. மெல்பர்ன் பட்டமளிப்புக்கு ஒருமுறை படுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை வந்தால், மைல் கிரிஸ்ஃப்ளையரில்தான் இருக்க வேண்டும்.

அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மைல் சேர்ந்தால் மூன்று ஆண்டுகள் கழித்து அந்த மாதக் கடைசியில் காலாவதி. நடுவில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. ஆகவே முதலில் கணக்கைத் திறந்து எந்த மாதத்தில் எவ்வளவு போகப்போகிறது என்று பாருங்கள். வேலைக்காக நீங்கள் ஓடிய காலத்து மைல்தான் முதலில் கழியும்.

சொல்வளை எழுதியது:

இடையில் ஒரு சொல். நான் ஸ்டாக்ஹோமில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கிறேன். ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் மைல் திட்டம் யூரோபோனஸில் கோல்டு வைத்திருந்தேன். ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் ஒன்றான எஸ்ஏஎஸ் 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு அதை விட்டு, மறுநாள் ஸ்கைடீம் என்ற இன்னொரு கூட்டணியில் சேர்ந்துவிட்டது. நான் எதுவும் செய்யாமலே கூட்டணி மாறிவிட்டேன். பெங்களூரிலிருந்து அந்தக் கூட்டணியின் கேஎல்எம்மும் ஏர் பிரான்ஸும் போவதால் எனக்குப் பரவாயில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம்: பத்தாண்டுத் திட்டம் போடாதீர்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எடுக்கப்போகும் டிக்கெட்டை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

பழைய டிக்கெட்காரன் எழுதியது:

ரொம்பச் சரி. இந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்த கதைதான். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றபோது கிங் கிளப்பில் சேர்த்ததெல்லாம் அதோடு போயிற்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் அதற்குப் பின்னும் கொஞ்ச காலம் ஓடியது. விமானம் நிற்காவிட்டாலும் விலை ஏறும்: 2022 ஜூலையில் கிரிஸ்ஃப்ளையரே ஒரு டிக்கெட்டுக்கு வேண்டிய மைலை உயர்த்தியது. மைலைச் சேர்த்து வைத்துப் பேரனுக்குக் கொடுக்க முடியாது.

ஒயிட்ஃபீல்டு தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வங்கிப் புள்ளியை மைலாக மாற்றினால் திரும்ப வாங்க முடியாது. இருக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

தேக்காக்காரி எழுதியது:

ஐயா, படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பிறகு டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். மியூனிக் டிக்கெட்டில் கே என்று இருக்கிறது. கோபம் நிறுவனத்தின் மேல் திரும்பிவிட்டது.

சரி, கிரிஸ்ஃப்ளையரிலேயே இருக்கிறேன், கோல்டு போனால் போகட்டும். கணக்கைத் திறந்து பார்த்ததில் பெரிய தொகை ஒன்று அடுத்த ஆண்டு காலாவதி ஆகப்போகிறது. அதை மகளுடைய டிக்கெட்டுக்குப் பயன்படுத்த முடியுமா, அவளே உறுப்பினராக இருக்க வேண்டுமா? சிங்கப்பூர் வங்கி அட்டை ஒன்றிலும் புள்ளிகள் கிடக்கின்றன. அதை மூடச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்றிருந்தேன்.

இன்னொன்று. போன தடவை மியூனிக் போய்வந்ததில் மைலே வரவில்லை, ஒன்றுகூட. வகுப்பு எழுத்துதான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் கேட்டதற்குப் "பெயர் பொருந்தவில்லை" என்று பதில் வந்தது. என் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் டி/ஓ (இன்னாரின் மகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) இருக்கிறது. இங்கே நிறுவனத்தின் பயண முகவர் அதை எப்படிப் போட்டாரோ தெரியவில்லை.

ஒயிட்ஃபீல்டு வாசகன் எழுதியது:

அக்கா, அட்டையை மூடாதீர்கள்! முதலில் புள்ளிகளைக் கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்றுங்கள், அது வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மூடுங்கள். அட்டை மூடினால் மிச்சமுள்ள புள்ளிகள் அதோடு போய்விடும். இன்னொரு விஷயம், சிங்கப்பூர் போகும் டிக்கெட்டைப் பெங்களூரில் தொடங்கி ரூபாயிலேயே எடுங்கள். டாலரில் எடுத்தால் இங்குள்ள அட்டைகள் அன்னியச் செலாவணிக் கட்டணம் என்று தனியாக ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும்.

பழைய டிக்கெட்காரன் எழுதியது:

மகளுக்குத் தாராளமாக எடுக்கலாம். உங்கள் கணக்கில் அவளைப் பயனாளியாகப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து பேர் வரை சேர்க்கலாம், அவர்கள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அம்மாவையும் சேர்த்துவிடுங்கள், அவரும் ஒருமுறை பெங்களூர் வரட்டும். ஆனால் யோசித்துச் சேருங்கள். பிறகு ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டால் கட்டணம் உண்டு. மெல்பர்னில் நவம்பர் கடைசியில் கல்லூரி விடுமுறை தொடங்கும், அப்போது உலகமே பறக்கும். குறைந்த மைலில் கிடைக்கும் சேவர் வகை இருக்கை வேண்டுமானால் இப்போதே பாருங்கள். பயண நாளுக்கு 355 நாட்கள் முன்பே திறந்துவிடுவார்கள்.

பெயர் விவகாரம் எனக்குப் பழக்கமான தலைவலி. முன்பதிவுக் கணினியில் சாய்கோடு என்பது குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. ஆகவே உங்கள் பெயரில் இருக்கிற சாய்கோட்டை அது ஏற்காது. ஒருவர் அதை எடுத்துவிட்டு டி, ஓ இரண்டு எழுத்தையும் பெயரோடு ஒட்டிவிடுவார். இன்னொருவர் இரண்டையும் விட்டுவிடுவார். மூன்றாமவர் அப்பா பெயரை முன்னால் போடுவார். மூன்றுமே பறப்பதற்குப் போதும், மைல் வரவுக்குப் போதாது. நம் ஊரில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்காரர்களுக்கும் இதே கதைதான். ஒரே பெயரை இரண்டு தடவை அடித்துச் சமாளிப்போம்.

கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே முகவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இனிமேல் இப்படித்தான் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். விட்டுப்போன பயணத்துக்கு இணையதளத்திலேயே கோரிக்கை கொடுக்கலாம். போர்டிங் பாஸ், டிக்கெட் எண், பாஸ்போர்ட் முதல் பக்கம் மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எண் பதின்மூன்று இலக்கம். லுஃப்தான்சா டிக்கெட் என்றால் 220இல் தொடங்கும், அதைப் பார்த்து எழுதுங்கள், முன்பதிவுக் குறியீட்டை எழுதிவிடாதீர்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. கே வகுப்புக்கு என்ன வரும் என்பது வேறு விஷயம். போகும்போது ஒரு எழுத்தும் வரும்போது ஒரு எழுத்தும் இருப்பது உண்டு, ஆகவே இரண்டு வழிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.